பழுப்புக் கொழுப்பும் நீரிழிவும்

கொழுப்பு என்னும் சொல் நம் தமிழ் வழக்கில் நற்பெயர் பெற்றதன்று. வரம்பு கடந்து பேசுவானை நோக்கி, "அவனுக்குக் கொழுப்பு மிகுந்துவிட்டது" என்கின்றோம். எவர்க்கும் அடங்காது திரிவானைக் "கொழுத்துத் திரிகின்றான்" என்கின்றோம். பண்டைத் தமிழர் இதற்கு வழங்கிய நிணம் என்னும் பெயரோ, இக்காலத்து நிணநீர் என்னும் கலைச்சொல்லினுட் புகுந்து வேறு பொருள் பெற்றுவிட்டது. மருத்துவரும் தம்பால் வருவாரிடம் கொழுப்பைக் குறைக்குமாறே அறிவுறுத்துகின்றனர். இங்ஙனம் யாவராலும் பழிக்கப்பட்டு நிற்கும் கொழுப்பினத்துள், தன்னைத் தானே எரித்து உடலுக்கு வெம்மை தரும் ஒரு வகையும் உண்டென்பது வியப்பன்றோ? அதுவே பழுப்புக் கொழுப்பு. அதன் இயல்பை ஒருவாறு விளக்கி, அதனைக் குறித்து இந்நாளில் எழுந்துள்ள பெரும்பேச்சிற் கொள்ளத்தக்கது எவ்வளவு, தள்ளத்தக்கது எவ்வளவு என்று என் சிற்றறிவிற்கு எட்டியவாறு கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாம். தமிழ் பயிலும் மாணவனுக்கு உடல்நூலில் என்ன வேலை என்று வினவுவாரும் உளர். நோய் மொழி பார்த்து வருவதில்லை. நோயைப்பற்றிய செய்தி தமிழில் திருந்த எழுதப்படாவிடின், திருந்தாத செய்தியே தமிழில் உலவும். இதுவே அவர்க்கு யான் கூறும் விடை.

நம் உடலிலுள்ள கொழுப்பிற் பெரும்பகுதி வெண்கொழுப்பாகும். அதன் உயிரணு ஒவ்வொன்றிலும் ஒரே பெருந்துளியாய்க் கொழுப்பு நிறைந்து, மற்றை உறுப்புக்களை ஓரத்தே ஒதுக்கி நிற்கும். உண்டது மிகுந்தால் அங்கே சேர்ப்பதும், உணவு குன்றினால் அங்கிருந்து எடுப்பதும் உடலின் வழக்கம். பழுப்புக் கொழுப்பின் உயிரணுவிலோ கொழுப்புப் பல சிறு துளிகளாய்ப் பிரிந்து கிடக்கும். அவற்றினிடையே மைட்டோகாண்டிரியா என்னும் நுண்பொறிகள் திரள்திரளாய்ச் செறிந்திருக்கும். அப்பொறிகளிலுள்ள இரும்பு கலந்த புரதங்களும், அங்கே பின்னிக் கிடக்கும் குருதி நாளங்களுமே அதற்குப் பழுப்பு நிறத்தைத் தருவன. வெண்கொழுப்பை நெற்குதிருக்கு ஒப்பிட்டால், பழுப்புக் கொழுப்பை அடுப்புக்கு ஒப்பிடலாம். முன்னது சேமிப்பது, பின்னது எரிப்பது.

எரிக்கும் முறைமை யாது? உணவினின்று பெற்ற பொருள்கள் மைட்டோகாண்டிரியாவினுள் எரியுங்கால், புரோட்டான் என்னும் மின்னேற்றமுடைய நுண்துகள்கள் ஓர் உட்சவ்வின் ஒருபுறத்தே இறைத்துத் தேக்கப்படுகின்றன. மேட்டூர் அணையில் தேங்கிய நீர் குழாய்வழிப் பாய்ந்து சுழலிகளைச் சுழற்றி மின்னாற்றலைப் பிறப்பித்தல் போல, தேங்கிய புரோட்டான்கள் தமக்குரிய வாயில்வழி மீண்டு பாயும்போது ஏடிபி என்னும் ஆற்றற்பொருள் உண்டாகின்றது. நாம் நடப்பதும் நினைப்பதும் அவ்வேடிபியின் துணைகொண்டே. பழுப்புக் கொழுப்பின் சவ்விலோ இவ்வாயிலேயன்றி வேறொரு மதகும் உண்டு. யூசிபி-1 என்னும் புரதமே அம்மதகு. தெர்மோஜெனின் என்பது அதன் மறுபெயர். அது திறக்குமாயின், புரோட்டான்கள் சுழலியைச் சுழற்றாமலே பாய்ந்துவிடும். ஏடிபியாக மாறற்குரிய ஆற்றல் அப்போது வெப்பமாய் வெளிப்படும். வீண்போக்கென்று தோன்றும் இச்செயலே குளிரில் உயிரைக் காப்பதாகின்றது.

மதகைத் திறப்பது குளிர். தோலிற் குளிர் உறைத்ததும் மூளை அதனை உணர்ந்து, நரம்புகளின் வழியே நார்அட்ரினலின் என்னும் பொருளைப் பழுப்புக் கொழுப்பிற் சுரக்கச் செய்கின்றது. அதனால் கொழுப்புத் துளிகள் கொழுப்பமிலங்களாய்ச் சிதைகின்றன. அவ்வமிலங்களே விறகுமாகின்றன, மதகைத் திறக்கும் திறவுகோலுமாகின்றன. பிறந்த குழவிக்கு நடுங்கி வெப்பம் பெறும் ஆற்றல் மிகக் குறைவு. ஆதலின், தோட்பட்டைகளின் இடையிலும் கழுத்திலும் சிறுநீரகங்களின் சுற்றிலும் இயற்கை அதற்குப் பழுப்புக் கொழுப்பை வைத்துப் படைத்திருக்கின்றது. தாயின் வெம்மையை விட்டு உலகிற் புகும் குழவிக்கு அது தன் உடலினுள்ளேயே அமைந்த கணப்பாம்.

இனி, இதனை மக்கள் அறிந்துகொண்ட வரலாற்றைச் சிறிது நோக்குவாம். 1551ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் கான்ராட் கெஸ்னர் என்னும் அறிஞர், மார்மட்டு என்னும் மலைவாழ் கொறிவிலங்கின் தோள்களினிடையே கொழுப்பென்றும் ஊனென்றும் துணிய இயலாத ஒரு பொருளைக் கண்டு குறித்தார். குளிர்காலம் முழுதும் உறங்கும் விலங்குகளில் அது காணப்பட்டமையின், பின்வந்தோர் அதனைக் குளிர்துயிற் சுரப்பி என்றே கருதினர். அது வெப்பம் பிறப்பிக்கும் உறுப்பென்பது 20ஆம் நூற்றாண்டின் இடைக்காலத்திற்குப் பின்னரே தெளிவாயிற்று. 1978ஆம் ஆண்டில் பாஸ்டர், பிரைட்மன் என்னும் இருவர், குளிருக்குப் பழகிய எலிகளில் நடுக்கமின்றிப் பிறக்கும் வெப்பத்தின் பெரும்பகுதி பழுப்புக் கொழுப்பினின்றே வருவதென்று காட்டினர். எனினும், மனிதரில் அது குழவிப் பருவத்தோடு பெரும்பாலும் மறைந்துவிடுவதென்றே மருத்துவ நூல்கள் பல உரைத்துவந்தன. பின்லாந்தின் வடபகுதியில் வெளியில் நின்று வேலை செய்வோரிடம் அது எஞ்சியிருத்தலை 1981இல் அந்நாட்டு ஆராய்ச்சியாளர் கூறினர். ஆயினும் உலகம் அதனைப் பெரிதாய்ப் பொருட்படுத்தவில்லை.

அவ்வெண்ணத்தை மாற்றியது புற்றுநோயைத் தேடிய ஒரு கருவியேயாகும். பெட் என்னும் படப்பொறியில், கதிரியக்கமூட்டிய குளுக்கோசு போன்ற ஒரு பொருளை உடலிற் செலுத்தி, அஃது எங்கே மிகுதியாய்ச் சேர்கின்றது என்று பார்ப்பர். புற்று சருக்கரையை விரும்பி ஏற்பதாதலின் படத்தில் ஒளிரும். ஆனால் சிலரது கழுத்திலும் காறை எலும்பின் மேலும், புற்றில்லாத இடத்தும், இருபுறமும் ஒத்தாற்போல ஒளி தோன்றிற்று. குளிர்காலத்தில் அது மிகுந்தும் தோன்றிற்று. 2009ஆம் ஆண்டில் பாஸ்டன், மாஸ்டிரிக்ட், துர்க்கு ஆகிய மூன்று நகரங்களின் ஆராய்ச்சியாளர், ஒரே மருத்துவ வெளியீட்டின் ஒரே இதழில், வளர்ந்த மனிதரிடத்தும் செயலுள்ள பழுப்புக் கொழுப்பு உண்டென்று நிறுவினர். பாஸ்டனில் 1,972 நோயாளரின் படங்களைப் பார்த்ததில் பெண்களில் நூற்றுக்கு 7.5 பேரிடத்தும், ஆண்களில் நூற்றுக்கு 3.1 பேரிடத்தும் அது காணப்பட்டது. மாஸ்டிரிக்டில் 24 இளைஞரைக் குளிரில் இருத்திப் பார்த்தபோது, அவருள் 23 பேரிடத்து அது செயற்பட்டது. கெஸ்னர் கண்டது முதல் வளர்ந்த மனிதரிடத்து அது ஐயமற நிறுவப்படுங்காறும் 450 ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

இக்கண்டுபிடிப்பின் பின்னரே நீரிழிவைப் பற்றிய பேச்சுத் தொடங்கிற்று. பழுப்புக் கொழுப்புத் தன் துளிகளை எரித்த பின்னர்க் குருதியிலுள்ள கொழுப்பையும் குளுக்கோசையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே, அதனைத் தூண்டினால் குருதியின் சருக்கரை இறங்குமென்றும், மிகையாய் உண்டதை எரித்துவிடலாமென்றும் பலர் எண்ணினர். எண்ணியதிற் குற்றமில்லை. ஆனால் எண்ணம் ஆராய்ச்சியாகிச் செய்தித்தாளுக்கும், செய்தித்தாளினின்று கடைத்தெருவுக்கும் வந்து சேர்வதற்குள், "ஆகலாம்" என்பது "ஆகும்" என்றும், "ஆகும்" என்பது "ஆகிவிட்டது" என்றும் மாறிவிடுகின்றது. விடியற்காலையிற் குளிர்ந்த நீரில் மூழ்கினாற் போதும், மாத்திரை வேண்டுவதில்லை என்று உரைப்பாரும், பழுப்புக் கொழுப்பை எழுப்பும் பொடியென்று விற்பாரும் தோன்றிவிட்டனர். பழுப்புக் கொழுப்பு ஆராய்ச்சிக்குரிய அரிய பொருள். ஆனால், இன்றுள்ள அறிவின்படி, அது நீரிழிவுக்கு மருந்தன்று. அதனை நம்பி எவரும் மருந்தைக் கைவிடலாகாது. இஃதே என் கருத்து. இதற்குக் காரணம் மூன்று கூறுவேன்.

முதலாவது, அளவு. வளர்ந்தார் பெரும்பாலாரிடத்துப் பழுப்புக் கொழுப்பு மிகச் சிறிதே. வயது ஏற ஏறவும், உடல் பருக்கப் பருக்கவும் அஃது இன்னும் குறைகின்றது. எனவே, நீரிழிவு மிகுதியும் தாக்கும் முதியோரிடத்தும் பருத்தோரிடத்துமே அது மிகக் குறைந்திருக்கின்றது. தசையோ உடல் நிறையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. இன்சுலினின் ஏவலால் குருதியை விட்டு நீங்கும் குளுக்கோசிற் பெரும்பங்கை ஏற்பதும் தசையே. படத்தில் ஒளிர்தல் வேறு. அளவில் மிகுதல் வேறு. இருண்ட ஊரில் ஒரு வீட்டு விளக்குத் தனித்துத் தெரியலாம். அதனால் அவ்வீடே ஊராகிவிடாது.

இரண்டாவது, காரணமும் உடனிகழ்ச்சியும் வெவ்வேறென்பது. நியூயார்க்கின் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் 52,000க்கு மேற்பட்டோரின் படங்களை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டனர். பழுப்புக் கொழுப்புப் புலப்பட்டோருள் இரண்டாம் வகை நீரிழிவு நூற்றுக்கு 4.6 பேரிடத்தும், புலப்படாதோருள் 9.5 பேரிடத்தும் இருந்தது. இது மதித்தற்குரிய செய்தியே. ஆயினும், பழுப்புக் கொழுப்பு நோயைத் தடுத்ததா, அன்றி நோயற்ற உடலிற் பழுப்புக் கொழுப்பு நிலைத்ததா என்பதை இவ்வெண்கள் தாமே கூறமாட்டா. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்னும் நம் பழமொழி, காக்கையையே காரணமென்று துணியாதே என்பதை எவ்வளவு அழகாய் உணர்த்துகின்றது!

மூன்றாவது, மனிதரிடத்துச் செய்த சோதனைகளே வேறு வழியைக் காட்டுகின்றன. 2015இல் மாஸ்டிரிக்ட் ஆராய்ச்சியாளர், இரண்டாம் வகை நீரிழிவுடையார் எண்மரை, 14 முதல் 15 பாகை வெப்பமுள்ள அறையில், நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வரை, பத்து நாள் இருத்தினர். இன்சுலினுக்கு அவருடல் செவிசாய்க்கும் திறன் நூற்றுக்கு 43 பங்கு உயர்ந்தது. இதனைக் கேட்டோர் பழுப்புக் கொழுப்பின் வெற்றியென்று ஆர்த்தனர். ஆனால் அவ்வாராய்ச்சியாளரே தம் கட்டுரையில், பழுப்புக் கொழுப்பின் செயல் சிறிதே மிகுந்ததென்றும், பெருமாற்றம் தசையிலேயே காணப்பட்டதென்றும் நேர்மையுடன் கூறினர். 2021இல் நடுக்கம் நேராவண்ணம் இளங்குளிரில் இருத்தி மீண்டும் சோதித்தபோது, அவ்வுயர்வு காணப்படவில்லை. எனவே, நன்மை செய்தது பெரும்பாலும் நடுங்கிய தசையாகலாம் என்று கொள்ளவே இடமிருக்கின்றது. தசையை அசைத்தற்கு நடையும் உழைப்பும் விளையாட்டும் இருக்க, குளிரறையைத் தேடுவானேன்?

மேலும், அவ்வெண்மர் இருந்த குளிரைச் சிறிது எண்ணிப் பாருங்கள். மலையூர்க் குளிரில், மெல்லிய ஆடையுடன், நாள்தோறும் ஆறு மணி நேரம் அமர்ந்திருப்பதை ஒக்கும் அது. நம் சமவெளியில் வெயிலேறிய தொட்டியின் நீரை நாலு குடம் ஊற்றிக்கொள்வது அதற்கு ஈடாகாது. மெய்யாகவே கடுங்குளிர்ந்த நீரிற் சட்டென்று மூழ்குவதோ, குருதியழுத்தத்தை உயர்த்தி இதயத்தை வருத்தும். நீரிழிவு நீடித்தோர் பலர்க்கு இதயமும் நலிந்திருக்கும், பாதங்களும் உணர்விழந்திருக்கும். அவர்க்கு இஃது ஊறு விளைத்தல் கூடும். முதல் வகை நீரிழிவுடையார் இன்சுலினைச் சில நாள் விட்டாலும் உயிருக்கே இறுதி நேரலாம். 1922ஆம் ஆண்டு சனவரியில் டொராண்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் இன்சுலின் அளிக்கப்பட்டது. முதல் ஊசி பயன்தரவில்லை. மருந்தைத் தூய்மைப்படுத்திச் சில நாளில் மீண்டும் அளித்தபோது, மெலிந்து கிடந்த அவன் தேறினான். அதற்கு முன் அந்நோயுற்ற குழந்தைகள் மடிவதைக் கண்டு நிற்பதன்றிச் செய்வதொன்றும் இல்லை. அத்தகைய கொடையை ஒரு வதந்திக்காக வீசியெறிதல் அறிவாகுமா?

எரிக்கும் ஆற்றலைக் கட்டின்றித் தூண்டினால் என்னாகும் என்பதற்கும் வரலாற்றிற் சான்று உண்டு. முதல் உலகப்போரின்போது பிரான்சு நாட்டு வெடிமருந்துச் சாலைகளில் வழங்கிய டைநைட்ரோபீனால் என்னும் பொருள், அங்கு உழைத்தோரை மெலிவித்தது. சிலரைக் கொன்றும் விட்டது. 1933இல் அமெரிக்காவில் அதனை உடல் மெலிவிக்கும் மருந்தாக்கினர். அதுவும் புரோட்டான்களை ஏடிபி ஆகாமலே பாயச் செய்வதே. ஆனால் பழுப்புக் கொழுப்பின் மதகு உடலின் ஆணைக்கு அடங்கி, உரிய இடத்தில், உரிய காலத்திற் திறப்பது. அம்மருந்தோ உடலெங்கும் கரையையே உடைத்துவிட்டது. உண்டோருள் பலர் கண்புரையாற் பார்வை குன்றினர். சிலர் உடல் கொதித்து மாண்டனர். 1938இல் அந்நாட்டிற் புதிய சட்டம் வந்தபின் அம்மருந்து விலக்கப்பட்டது. அவ்வாறிருந்தும், மறைவாக விற்பாரும் வாங்கி உண்டு மாள்வாரும் இந்நாளிலும் உளர். கொழுப்பை எரிப்போம் என்னும் ஆசை வார்த்தையைக் கேட்குந்தோறும் இவ்வரலாற்றை நினைவு கூர்தல் நன்று.

"அங்ஙனமாயின், பழுப்புக் கொழுப்பை ஆராய்தல் வீண்தானோ?" என்று சிலர் வினவலாம். அன்று. 2020இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சிறுநீர்ப்பையின் அடங்காமைக்குக் கொடுக்கும் மிராபெக்ரான் என்னும் மருந்தை, நலமுள்ள இளம்பெண்கள் 14 பேர்க்கு நான்கு வாரம் கொடுத்தனர். அவர்தம் பழுப்புக் கொழுப்பின் செயல் மிகுந்தது; இன்சுலினுக்கு உடல் இணங்கும் திறனும் உயர்ந்தது; உடல் நிறை மட்டும் குறையவில்லை. அளவை மிகுத்தால் இதயத் துடிப்பு விரைவதும் முன்னரே அறியப்பட்டுள்ளது. இத்தகைய சிறு ஆராய்ச்சிகளிலிருந்து ஒருநாள் நன்மருந்து பிறத்தல் கூடும். வெண்கொழுப்பினிடையே குளிராலும் பிற தூண்டுதலாலும் தோன்றும் இளம்பழுப்பு உயிரணுக்களும் உண்டென்று கண்டிருக்கின்றனர். ஆராய்ச்சியாளர் ஆராய்க, நோயாளர் அதுகாறும் தம் மருத்துவர் சொற்படி நடக்க. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

இங்கே நம் மாணவருக்கும், இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவருள் மருத்துவராய் விளங்குவோருக்கும் ஒரு விண்ணப்பம். மேற்கூறிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில், அந்நாட்டாரின் உடலிற் செய்யப்பட்டவை. 2014இல் ஆலந்து நாட்டு லெய்டன் நகரினர், தெற்காசிய மரபினரான இளைஞர் 12 பேரையும், வெள்ளையரான இளைஞர் 12 பேரையும் ஒப்பிட்டபோது, முன்னையோரிடத்துப் பழுப்புக் கொழுப்பின் அளவு நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்ததென்று கண்டனர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாகலாம். ஆனால் மக்களினம் ஒரே பானையில் வெந்த சோறன்று. பன்னிருவரைக் கொண்டு கோடிக்கணக்கானோரின் உடலியல்பை முடிவு கட்டுதல் தகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023இல் வெளியான கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் நீரிழிவுடையார் 10 கோடிக்கு மேற்பட்டவர். இத்துணைப் பெருந்தொகையினர் வாழும் நாட்டில், வெயிலிற் பிறந்து வெயிலில் வளரும் நம்மவர் உடலிற் பழுப்புக் கொழுப்பு எவ்வளவு, அஃது எவ்வாறு இயங்குகின்றது என்பதை நாமே விரிவாய் ஆராய்ந்து அறிய வேண்டாவா? பிறர் உடலில் அளந்த அளவுகோலால் நம் உடலை அளப்பது, பிறர்க்குத் தைத்த சட்டையை நாம் அணிவது போலாகும்.

அறிவியல் பயிலும் தோழர்கள் இதனை ஆராயட்டும். தமிழ் பயிலும் நாமோ, அவர் கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் தமிழில் எழுதுவோமாக. "ஆகலாம்" என்பதை "ஆகலாம்" என்றே எழுதுதலும், எண்மரைச் சோதித்ததை எண்மர் என்றே எழுதுதலும் எளிய செயல்களே. ஆனால் அவ்வெளிய செயல்கள் தவறியவிடத்தே நோயாளர் மருந்தை விடுகின்றனர். ஊருக்குச் செல்லும் விடுமுறையில், நீரிழிவுற்ற பாட்டனாரோ அத்தையாரோ குளிர்நீரின் பெருமையைக் கேட்டு மாத்திரையை ஒதுக்கக் கண்டால், அருகமர்ந்து இவ்வளவையும் பொறுமையுடன் எடுத்துரைத்து, மாலையில் அவருடன் சிறிது தொலைவு நடந்து வருவோமாக.